பூட்டிய வாயின் மன்றாட்டு

1976ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் இட்லியைக் கடிக்க வாயைத் திறந்தேன். திறக்கவில்லை. ஒரு விரல் நுழையும் அளவுக்கே பற்கள் விலகின. தாடை பிடித்துக்கொண்டது என்று எண்ணி, இட்லியைக் கரைத்துக் குடித்தேன். சாவு என் வாயில் வந்து அமர்ந்திருக்கிறது என்பதை அப்போது அறியவில்லை. உடன்பிறப்புகளே, நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வீடு பாப்பாரப்பட்டியில். அப்பா ஊர்க் கிறிஸ்தவ சபையின் உபதேசியார். நான் கால்பந்தில் முன்கள ஆட்டக்காரி. கோல் அடிப்பதே என் வேலை. ஊதியம் கொடுத்துப் பெண்களை ஆடச் செய்யும் குழு ஒன்று சேலத்தில் உருவாகியிருந்தது. அதற்கான தேர்வு அந்தச் சனிக்கிழமை. அதில் இடம் கிடைத்தால் ஆட்டமே என் பிழைப்பு என்று ஆகும். இரவும் பகலும் அந்த ஒரு நினைவாகவே இருந்தேன்.

வாய் பூட்டிய அந்தச் செவ்வாய்க்கு ஒன்பது நாள்களுக்கு முன், ஊர்ச் சந்தைத் திடலில் பயிற்சி ஆட்டம் ஆடினோம். சந்தை நாளில் மாடுகள் கட்டப்படும் இடம் அது. சாணமும் சேறும் உலர்வதே இல்லை. அந்நாளைய பூட்ஸின் அடியில் தோல் குமிழ்களை ஆணியால் அறைந்திருப்பார்கள். தோல் தேயத் தேய ஆணி உள்நோக்கி ஏறும். இடைவேளைக்குச் சற்று முன் என் வலப் பாதத்தில் ஒன்று இறங்கியது. எங்கள் கோல்காப்பாளர் நூர்ஜஹானை மரத்தின் மறைவுக்கு அழைத்துச் சென்று காட்டினேன். அவள் தருமபுரியில் செருப்புக்கடை வைத்திருப்பவரின் மகள். கோல்காப்பாளர் முழுக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் அணியலாம் என்பதால்தான் அவள் தந்தை ஆட்டத்துக்கே இசைந்தார்.

அவள் ஒரு கல்லால் ஆணியைத் தட்டி மடக்கினாள். "யாருகிட்டயும் சொல்லாதடி. காயம்னு தெரிஞ்சா கோச் சார் செலக்சன் அன்னிக்கி என்னைய உக்கார வெச்சிருவாரு" என்று சத்தியம் வாங்கினேன். "நீயும் உன் சத்தியமும்! மொதல்ல போயி ஊசி போட்டுக்கடி" என்றாள். நான் போகவில்லை. பூட்ஸைச் சரிசெய்ய அவளிடமே கொடுத்துவிட்டு, "ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் இது ஆறிவிடட்டும்" என்று வேண்டினேன். நான்கு நாளில் தோல் மூடிக்கொண்டது. மன்றாட்டு கேட்கப்பட்டது என்று நன்றி கூறினேன். எவ்வளவு பெரிய மூடத்தனம்!

புதன்கிழமை அப்பா என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். செய்தி கேட்டுப் பயிற்சியாளரும் வந்துவிட்டார்.

"எங்கியாச்சும் அடிபட்டுச்சாம்மா? ஆணி, முள்ளு, எதாச்சும் குத்துச்சா?" என்று மருத்துவர் கேட்டார்.

பயிற்சியாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டிய பற்களின் இடையே, "இல்லீங்க" என்றேன்.

அந்த ஒரு சொல்லால் என் கழுத்தை நானே நெரித்துக்கொண்டேன். மருத்துவர் ஞானப்பல் முளைப்பதாகச் சொல்லி, வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளிக்கும்படியும் மூன்று நாள் கழித்து வரும்படியும் கூறி அனுப்பினார்.

வியாழக்கிழமை காலையில் கழுத்து விறைத்தது. நண்பகலில் தொண்டை இறுகிப் பேச்சு நின்றது. அடுப்படியில் ஒரு டம்ளர் விழுந்த ஓசையில் என் முதுகு வில்லாக வளைந்தது. குதிகாலும் பின்தலையும் மட்டும் பாயில் ஊன்றியிருந்தன. மூச்சு அடைத்தது. அறிவு மட்டும் தெளிவாக இருந்தது, அதுவே பெருங்கொடுமை. பக்கத்து வீட்டுப் பெண்மணி வாசலில் நின்று, "பொட்டப்புள்ள அரக்கால் சட்டையோட சந்தத் தெடல்ல ஓடுனா காத்து கருப்பு சும்மா வுடுமா? பூசாரியக் கூப்புடுங்க" என்றாள். "காத்தும் இல்ல கருப்பும் இல்ல. நீங்க உங்க வூட்டுக்குப் போங்க அக்கா" என்று அம்மா அழுதுகொண்டே கதவைச் சாத்தினாள்.

எல்லாம் அந்த ஆணியால்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்ல வேண்டும், வாய் இல்லை. வலக்காலை அசைத்துக் காட்ட முயன்றேன். உடல் மீண்டும் வளைந்தது. கால் இழுக்கிறது போலும் என்று எண்ணிய அம்மா, விளக்கெண்ணெய் தடவி அந்தப் பாதத்தையே தேய்க்கத் தொடங்கினாள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒவ்வோர் இசிவு. பூட்ஸ் கிடைக்கும் முன் வெறுங்காலில் ஆடி ஆடித் தடித்த தோலில் அந்தச் சிறு வடு அவள் கைக்குத் தட்டுப்படவே இல்லை.

அந்த அச்சத்தை எப்படிச் சொல்வேன்? நான் மூடிய பொய்யே என்னை உள்ளே வைத்து மூடிவிட்டது. அப்பா தலைமாட்டில் முழந்தாளிட்டு வேண்டினார். நான் உள்ளுக்குள் கதறினேன்: "ஆண்டவரே, பொய் சொன்னேன். உண்மையைச் சொல்ல இப்போது எனக்கு வாய் இல்லை. வாய் உள்ள ஒருவரை அனுப்பும்."

சிறிது நேரத்தில் கதவு தட்டப்பட்டது. நூர்ஜஹான் நின்றாள். கையில் என் பூட்ஸ்.

"ஐயா, இவ பூட்ஸ எங்க அத்தா பிரிச்சுப் பாத்தாருங்க. அடித்தோலுக்கு உள்ளார ரத்தம் காஞ்சு ஒட்டியிருக்குதுங்க. அந்தப் புள்ளைக்கு ஊசி போட்டாங்களான்னு கேட்டுக்கிட்டு வான்னு என்னைய பஸ் ஏத்தி வுட்டாருங்க."

"ரத்தமா? இவளுக்குக் காயமே இல்லியேம்மா!" என்றார் அப்பா.

அவள் என்னைப் பார்த்தாள். என் கண்களிலிருந்து நீர் வழிந்தது. "இருக்குதுங்க ஐயா. வலது காலு. ஆணிய நாந்தான் தட்டி மடக்குனேன். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுனேங்க. அந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும்."

அன்று மாலைக்குள் வாடகைக் காரில் தருமபுரி மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்த மருத்துவர் ஆணி என்ற சொல்லைக் கேட்டதும் வேறு எதுவும் கேட்கவில்லை. "ரண ஜன்னி, டெட்டனஸ்" என்றார். உடனே மருந்தை ஏற்றினார். பாதத்தைக் கீறித் துருவை எடுத்தார். மறுநாள் வந்திருந்தால் தம் கையில் ஒன்றும் இருந்திராது என்று அப்பாவிடம் கூறினார்.

பின் பல நாள்கள் இருட்டறை. ஒளி பட்டால் இசிவு. ஓசை கேட்டால் இசிவு. செவிலியர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தனர். அடுத்த இசிவில் மூச்சு நின்றுவிடும் என்று ஒவ்வொரு கணமும் அஞ்சினேன். ஒவ்வொரு முறையும் மூச்சு திரும்ப வந்தது. இருபத்தோராம் நாள் வாய் திறந்தது. பயிற்சியாளரை வரவழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர், "எங்கிட்ட சொல்றதுக்கு அவ்வளவு பயமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

தேர்வு எனக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டே அக்குழு என்னை எடுத்தது; பந்தை உதைத்தே சில ஆண்டுகள் உண்டேன். ஆடிய ஊர்களில் எல்லாம், ஆட்டத்துக்கு முன் நோவு எதுவாயினும் முதலில் நானே சொல்லிவிடுவேன். சில நாள் அதனால் வெளியே அமர்த்தப்பட்டேன். வருத்தம் இருந்தது. அச்சம் இல்லை.

வேறு சமயத்துப் பெண் ஒருத்தியின் நாவைக் கொண்டு என் ஆண்டவர் என்னைக் காத்தார். இதை வாசிக்கும் உங்களில் யாரேனும் ஒன்றை மூடி வைத்துக்கொண்டு, அது ஆறிவிட்டது என்று நம்பியிருக்கலாம். அஞ்சாதீர்கள். அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சொல் எழவில்லை என்றால் கண்ணீராவது விடுங்கள். அதையும் அவர் கேட்பார். ஆனால் வாய் திறக்கும் இன்றைக்கே, அருகில் இருக்கும் ஒரு மனிதரிடமும் சொல்லிவிடுங்கள்.