மட்டைக்குக் கட்டிய தங்கூசி

கனிசியஸ் ஆறு வருடம் வட மாகாணத்து ரெனிஸ் சம்பியனாக இருந்தவன். வீடு குருநகரில், வேலை ஐஸ் தொழிற்சாலையில். விடிய ஐந்து மணிக்குச் சைக்கிளில் கழகத்துக்குப் போய் விளையாடிவிட்டு வேலைக்கு ஓடுவான். பின்னேரமும் போவான். கொழும்பில் ஆட்டமென்றால் மெயில் ரயிலில் மூன்றாம் வகுப்பில் குந்தியபடி போய், கோட்டை நிலையத்தில் முகம் கழுவி, அன்று காலையே மட்டையைத் தூக்கவேண்டும். கலியாணத்துக்கு மறுநாளும் விளையாடப் போனான். மனைவி யசிந்தா அதை இன்னும் மறக்கவில்லை.

எழுபதாம் ஆண்டில் வெளிநாட்டுச் சாமான்கள் வருவது குறைந்தது. மட்டைக்குக் கட்டும் நரம்பு ஒரு கடையிலும் இல்லை. கனிசியஸ் வழி கண்டான். மீன்பிடிக்கிற நைலோன் நூலான தங்கூசி அவன் வீட்டில் கண்டுகண்டாகக் கிடந்தது. மட்டையை யன்னல் கம்பியோடு கட்டி, தங்கூசியை ஒரு தடியில் சுற்றி, சுவரில் காலை ஊன்றி இழுத்தான். சுறாத்தூண்டிலை அவனுடைய தகப்பன் அப்படித்தான் இழுத்துச் சரிபார்ப்பார். தட்டினால் மட்டை பலகைபோலச் சத்தமிட்டது. கழகத்தில் பத்துப் பேருக்கு அப்படியே கட்டிக் கொடுத்தான்.

அடுத்த வருடம் அவனுடைய முழங்கை போயிற்று. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை. பரியாரி எண்ணெய் போட்டுக் கட்டினார். டொக்டர் வயதைக் கேட்டுவிட்டு விளையாட்டை விடச் சொன்னார். பட்டம் இணுவிலைச் சேர்ந்த அருளம்பலம் என்ற இளம் வாத்தியாரிடம் போனது.

இரண்டு வருடம் மட்டை சுவரில் தொங்கியது. ஒருநாள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த யசிந்தா அதை எடுத்துப் பெருவிரலால் அமத்திப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, ஆர் இதை இப்பிடி இழுத்தது?"

"நான்தான்."

"மீன் இழுக்கேக்கை நூல் கொஞ்சம் இளகவேணும். இல்லாட்டி இழுவை முழுக்கக் கையிலையெல்லோ விழும். கடற்கரையிலை பிறந்த ஆளுக்கு இதுவும் நான் சொல்லவேணுமே?"

கனிசியஸ் மட்டையை வாங்கினான். கத்தியை எடுத்து நரம்புகளை அறுத்தான். மெல்லிய தங்கூசியை எடுத்து, காலை ஊன்றாமல், கைப்பலத்தால் மட்டும் இழுத்துக் கட்டினான். முதல் கிழமை ஏழு நாளும் பந்தெல்லாம் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போனது. ஆறாம் கிழமை பந்து உள்ளே விழுந்தது. முழங்கை நோகவில்லை.

அந்த வருடம் போட்டிக்குப் பெயர் கொடுத்தான். வயது முப்பத்தாறு. வெல்பவர் ஒருவர்தான் மாகாணத்துக்காகக் கொழும்பு போகலாம். இன்னொரு வருடம் தனக்கு இல்லையென்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொருவராக வென்று இறுதியாட்டத்துக்கு வந்தான். எதிரில் அருளம்பலம்.

ஆட்டத்துக்கு ஒரு கிழமை இருக்கையில், கழகத்தில் அருளம்பலம் சோடாப் போத்தலை இடக்கையால் தூக்கிக் குடிப்பதைக் கண்டான். கழகத்துக் காரியதரிசி இராசநாயகம் கனிசியஸின் தோளில் தட்டினார்.

"பாத்தீரே ஐசே? உவனுக்குக் கை விழுந்திட்டுது. இந்தமுறை கிழட்டுச் சுறாதான் கொழும்புக்குப் போகுது."

கனிசியஸ் சிரித்தான். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, தான் மட்டை கட்டிக் கொடுத்த பத்துப் பேரையும் எண்ணிப் பார்த்தான். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் அடிப்பவர்கள். அவன் கட்டிக் கொடுத்த மட்டையால் நாள்தோறும் அடித்தவன் அருளம்பலம் ஒருவன்தான். இரண்டு நாள் சும்மா இருந்தான். மூன்றாம் நாள் இணுவிலுக்குச் சைக்கிளை மிதித்தான்.

அருளம்பலம் தோட்டத்தில் வெங்காயப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தான்.

"தம்பி, உம்மடை மட்டையைக் கொண்டுவாரும்."

"ஏன் அண்ணை?"

"நான் பிழையாக் கட்டிப்போட்டன். உம்மடை கைநோவு அதாலைதான்."

மட்டை வந்ததும் கனிசியஸ் கத்தியால் நரம்புகளை அறுத்தான்.

"ஐயோ அண்ணை, சனிக்கிழமை மட்ச்! வெல்லுறதுக்கு உப்பிடியும் ஒரு வழி இருக்கோ?" அருளம்பலம் பாதி சிரித்தான், பாதி பயந்தான்.

"இருந்து பாரும்" என்று சொல்லி, வரம்பிலேயே இருந்து மெல்லிய தங்கூசியைக் கட்டினான்.

சனிக்கிழமை முதல் செட்டில் அருளம்பலத்தின் பந்துகள் வேலிக்கு அப்பால் போய் விழுந்தன. ஆறுக்கு ஒன்று என்று கனிசியஸ் வென்றான். கனிசியஸ் வேண்டுமென்றே மட்டையைக் கெடுத்துவிட்டான் என்று வேலியோரம் யாரோ உரக்கச் சொன்னார்கள். இராசநாயகம் கண்ணடித்தார். கனிசியஸுக்குக் காது சுட்டது. தான் ஆறு கிழமை எடுத்துப் பழகியதை அருளம்பலம் நாலு நாளில் பழகவேண்டியிருக்கிறது என்பதை யாருக்குச் சொல்வது?

இரண்டாம் செட்டில் அருளம்பலம் மட்டையை மெதுவாக வீசத் தொடங்கினான். பந்து உள்ளே விழுந்தது. அதன்பிறகு இளம் கால்கள் ஓடின. அடுத்த இரண்டு செட்டும் நாலுக்கு ஆறு, ஆறுக்கு எட்டு. கனிசியஸ் தோற்றான்.

வலையடியில் அருளம்பலம் வலக்கையை நீட்டி இறுக்கிப் பிடித்தான். "நோகேல்லை அண்ணை" என்றான்.

வீட்டில் யசிந்தா முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டாள்.

"கை?"

கனிசியஸ் கிணற்றில் ஒரு வாளி தண்ணீரை வலக்கையால் இழுத்து மேலே கொண்டுவந்து காட்டினான்.

"அப்ப அந்தக் குடத்தையும் நிரப்பிவிடுங்கோ" என்றாள்.

திங்கட்கிழமை விடிய ஐந்து மணிக்கு அவன் போனபோது அருளம்பலம் ஏற்கெனவே ஆடுகளத்தில் நின்றான்.

"கொழும்புக்கு மூண்டு கிழமை கிடக்கு. என்னோடை அடிக்க ஆள் வேணும்."

"எனக்கு ஏழு மணிக்கு வேலை. ஒரு செட்தான்."

அவர்கள் மூன்று செட் ஆடினார்கள். கனிசியஸ் அன்று வேலைக்குப் பிந்தித்தான் போனான்.