இறக்கத்தில் நாற்பது

என் கணவர், பின்னால் சாமான் ஏற்றும் பழைய கெப் வண்டி ஒன்றை வாங்கியபோது நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். மழை பெய்தால், நான்கு சக்கரமும் இழுக்கும்படி போர் வீல் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

எங்கள் வீடு நமுனுகுல பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் இருக்கிறது. அங்கிருந்து பதுளைக்குப் போகும் வீதிக்கு இறங்கும் பாதை பாதி கொங்கிரீட், மீதி கல்லும் களிமண்ணும். இடது பக்கம் வெட்டிய மண்மேடு, வலது பக்கம் பள்ளம். பள்ளத்திலும் தேயிலைதான், ஆனால் அது எங்கே முடிகிறதென்று மேலிருந்து தெரியாது. கணவர், தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் ஆட்கள் பயிரிடும் போஞ்சி, லீக்ஸ், கோவா போன்ற மரக்கறிகளை வாங்கி, காலையில் பதுளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். நான் பாதை முடியும் சந்தியில் உள்ள பாடசாலையில் படிப்பிக்கிறேன். மகளின் முன்பள்ளியும் அதன் பக்கத்திலேயே. ஆகவே காலையில் நாங்கள் மூவரும் முன்னால் உட்கார்ந்து இறங்குவோம். பெல்ட் எனக்கு. என் மடியில் இருக்கும் அவளுக்கு என் கைதான் பெல்ட்.

பின்னால், மரக்கறி மூட்டைகளின் மேல், என் பாடசாலைப் பிள்ளைகள் வருவார்கள். நடந்தால் நீண்ட தூரம், மழைக்காலத்தில் அட்டை வேறு. பிள்ளைகளை ஏற்றும் பழக்கத்தைத் தொடங்கியது கணவர்தான். அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. பாடசாலை விட்டுப் பிள்ளைகள் திரும்பும் நேரத்தில் வெறும் வண்டியோடு ஏறும்போது பின்சக்கரம் வழுக்குகிறதாம், பாரம் வேண்டுமாம். "நான் ஒண்ணும் சும்மா ஏத்தல, சீமெந்து மூட்டைக்குப் பதிலாத்தான் உங்க பிள்ளைங்க" என்று பெற்றோரிடம் சொல்வார். பிள்ளைகளிடம், "குண்டன் எங்கடா? அவன் கடைசியில உக்காரட்டும், அப்பத்தான் வண்டி ஏறும்" என்பார். அப்படிச் சொன்னதால் யாரும் அவருக்குக் கடமைப்பட்டதாக நினைக்கவில்லை. நல்ல மனிதர். இனி எழுதப்போவதைப் படிப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கம்பி இருக்கிறது. அதை இழுத்தால் நான்கு சக்கரமும் சேர்ந்து சுற்றும். இன்னும் ஒரு படி தள்ளினால் அதே நான்கு சக்கரம், ஆனால் ஊர்ந்துதான் போகும். அதை லோ என்பார்கள். மழை நாட்களில் அவர் அந்தக் கம்பியை இழுக்கும் சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு லேசாகிவிடும். பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு வெளியே பார்ப்பேன்.

எப்போது வேக மீட்டரைப் பார்க்கத் தொடங்கினேன் என்று நினைவில்லை. முன்பு, போர் வீல் இல்லாத வேறு வண்டியில் மழையில் இறங்கிய நாட்களில், முள் இருபதைத் தொட்டால் அதிகம். இப்போது அதே இறக்கத்தில், அதே மழையில், நாற்பதில் நின்றது. முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். பக்கவாட்டிலிருந்து பார்ப்பதால் முள் தள்ளித் தெரிகிறதோ என்று நினைத்தேன். மறுநாள் மகளின் தண்ணீர்ப் போத்தலை எடுப்பது போல அவர் பக்கம் சாய்ந்து பார்த்தேன். நாற்பதுதான்.

போனில் தேடிப் படித்தேன். எழுதியவர்களில் பாதிப்பேர் பனிக்கட்டியைப் பற்றியும் பாலைவன மணலைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். தேயிலை மலைக் களிமண்ணைப் பற்றி யாரும் எழுதவில்லை. இருந்தாலும் எல்லோரும் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். நான்கு சக்கரமும் இழுத்தால் வண்டி புறப்படும், ஏறும், சேற்றிலிருந்து வெளியே வரும். நிற்பதற்கு அது உதவாது. பிரேக் எல்லா வண்டிக்கும் ஒரே பிரேக்தான். வழுக்கும் பாதையில் போர் வீல் போட்டாலும் போடாவிட்டாலும் மெதுவாகத்தான் போக வேண்டும். செங்குத்தான இறக்கமென்றால் லோவில் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட வேண்டும்.

படித்த பிறகு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போர் வீல் போடச் சொன்னதே நான்தான். இப்போது நானே போய் அதை நம்பாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? எதற்கெடுத்தாலும் பயப்படுபவள் என்ற பேர் ஏற்கெனவே எனக்கு உண்டு. இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.

அதற்குள் அது நடந்தது. பாதி இறக்கத்தில் வரும் பீலிக்கரை வளைவில், இரவு பெய்த மழைக்கு மேட்டிலிருந்து மண் கரைந்து கொங்கிரீட்டின் மேல் தோசை மாவு போலப் பரவிக் கிடந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி வேகம் குறையவே இல்லை. ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பியிருக்க, நாங்கள் நேராகப் போனோம். சத்தமே இல்லாமல் போனதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இடது முன்சக்கரம் பாதையோரம் தண்ணீர் ஓடும் கானில் இறங்கி, மண்மேட்டில் இடித்து நின்றோம். அந்த வளைவு இடது பக்கம் தள்ளாமல் வலது பக்கம் தள்ளியிருந்தால் பள்ளம்தான்.

யாருக்கும் அடிபடவில்லை. பின்னாலிருந்து சிரிப்பு. "அங்கிள், இன்னொருக்கா" என்று ஒரு குரல். கணவரும் சிரித்தார். ரிவர்ஸ் போட்டார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க, கானிலிருந்து வண்டி சிரமமில்லாமல் மேலே வந்தது.

"பாத்தியா?" என்றார் என்னிடம். "இதுக்குத்தான் போர் வீல்."

அன்று மாலை, சோறு பரிமாறும்போது சொல்லிவிட்டேன். படித்ததைக் கோர்வையாகச் சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் நாற்பது நாற்பது என்று அந்த எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அவ்வளவு வருடமாக ஓட்டுகிறவருக்குப் போனைப் பார்த்துப் பாதை சொல்லிக்கொடுக்கிறேனா என்று கேட்டுச் சிரித்தார்.

"முன்ன மெதுவாத்தானே போனீங்க" என்றேன்.

"முன்ன பயம் இருந்திச்சு. இப்ப எதுக்கு?"

அவர் சாப்பாட்டைத் தொடர்ந்தார். நான் அந்தப் பதிலிலேயே நின்றுவிட்டேன். அவருடைய பயத்தை எடுத்துவிட்டது நான் போட்ட நிபந்தனைதான்.

பிள்ளைகளை ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று யோசித்தேன். அதையும் செய்ய முடியவில்லை. அடுத்த நாள் பாடசாலை விட்டு வந்த பின் பீலிக்கரையில் ஒரு தாயைக் கண்டேன். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் எங்களோடுதான் வருகிறார்கள். வண்டி கானில் இறங்கியது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்கத்தான் நிற்கிறாள் என்று நினைத்து என்ன சொல்வதென்று தேடிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கும் ஏத்திக்குவீங்கதானே டீச்சர்? போர் வீலு வண்டிங்கிறதால எங்களுக்குப் பயமே இல்லீங்க" என்றாள்.

ஆமாங்க, ஏத்திக்குவோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையும் மழை. மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பிள்ளைகள் ஏறிவிட்டிருந்தார்கள், தலைக்கு மேல் தறப்பாளைப் பிடித்துக்கொண்டு. முன்கதவு எனக்காகத் திறந்திருந்தது. நான் பின்பக்கம் போய் மகளை முதலில் ஏற்றிவிட்டு, நானும் ஏறினேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஏறிய பிறகுதான் ஏறிவிட்டது தெரிந்தது.

"டீச்சர், கோவா மூட்டைல உக்காராதீங்க, உருளும். இது போஞ்சி, மெத்துன்னு இருக்கும்" என்று ஒருவன் இடம்விட்டான். ஐந்தாம் வகுப்புப் பெண்ணொருத்தி என் காதருகே வந்து, "அங்கிளோட சண்டையா டீச்சர்?" என்றாள். மற்றவர்கள் அதைக் கேட்காதது போல நன்றாகக் கேட்டார்கள்.

கணவர் இறங்கி வந்தார். பிள்ளை நனைகிறாள், முன்னுக்கு வா என்றார். இன்றைக்கு இங்கேயே இருக்கிறோம் என்றேன். பிள்ளைகள் முன்னால் அவரால் மேலே பேச முடியவில்லை. மகளின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுப் போனார்.

வண்டி நகர்ந்தபோது எஞ்சின் அடிக்குரலில் உறுமியது. அந்தச் சத்தத்தை நான் அதற்குமுன் அந்த வண்டியில் கேட்டதில்லை. லோ. பிரேக்கை அவர் தொட்டதாகவே தெரியவில்லை. வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டு இறங்கியது. பீலிக்கரை வளைவில் நாங்கள் நடப்பவர்களின் வேகத்தில் திரும்பினோம். பையன்களுக்குப் பெரிய ஏமாற்றம். "இதுக்கு நடந்தே போயிருக்கலாம்டா" என்றான் குண்டன்.

சந்தியில் பின்கதவைத் திறந்து மகளைத்தான் முதலில் இறக்கினார். பிள்ளைகள் ஓடும்வரை பொறுத்திருந்தார்.

"என் பிள்ளைய வச்சே என்னைப் பயமுறுத்துறியா?" என்றார்.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்பள்ளிப் பக்கம் நடந்தேன். அன்று முழுவதும் வகுப்பில் அதே நினைப்பு. முன்னால் இருந்தால் அவளுக்குச் சுவரும் கூரையும் இருந்திருக்கும். பத்திரமான இடத்திலிருந்து பிள்ளையைத் தூக்கி, பத்திரமில்லாத இடத்தில் வைத்தவள் நான். எந்தத் தாய் அப்படிச் செய்வாள்? உடனே இன்னொரு நினைப்பும் வந்தது. அந்தப் பத்திரமில்லாத இடத்தில்தானே மற்றத் தாய்மாரின் பிள்ளைகள் தினமும் வந்தார்கள்? அவருக்கு லோ இருப்பது தெரியும். எனக்கும் தெரியும். எங்கள் பிள்ளை மூட்டையின் மேல் உட்காரும்வரை அந்தக் கம்பி லோவுக்குப் போகவில்லை. எந்த நினைப்பு சரியென்று இப்போதும் எனக்குத் தீர்மானமில்லை.

அடுத்த மழை நாளில் அவரே ஓர் ஏற்பாடு சொன்னார். முன்சீட்டில் எங்கள் மகளையும், லயத்துப் பிள்ளைகளில் மிகச் சின்னவர்கள் இருவரையும் ஏற்றி, இருந்த ஒரே பெல்ட்டை மூவருக்கும் குறுக்கே போட்டார். பெரிய பிள்ளைகளோடு நான் பின்னால் இருந்துகொள்ளலாம் என்றார். விட்டுக்கொடுத்தாரா, கோபத்தில் சொன்னாரா, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. சரி என்றேன்.

பின்னாலிருந்து மீட்டர் தெரியாது. எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். மகள் அவர் பக்கத்தில், கூரைக்குக் கீழே, நனையாமல் இருந்தாள். இனி அவர் வேகமாகப் போகத் தடையில்லை. ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் மூட்டையைக் கெட்டியாகப் பிடித்தேன். உறுமல் மாறவில்லை. சந்திவரை மாறவில்லை.

இந்த வாரம் மழை விட்டிருக்கிறது. பாதை காய்ந்துவிட்டது, போர் வீலுக்கு வேலையில்லை. நேற்றுக் காலை அவர் எனக்காக முன்கதவைத் திறந்துவைத்து, "இன்னிக்காவது முன்னுக்கு வர்றியா?" என்று கேட்டார். குரலில் கேலியில்லை. வரத்தான் ஆசை, ஆனால் நான் பின்னால் இருந்ததால்தான் அந்த உறுமல் மாறவில்லையோ என்ற சந்தேகம் என்னை விடவில்லை. மகளும் உள்ளேயிருந்து கையை நீட்டினாள். பின்னால் பிள்ளைகள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினேன்.