நான்காம் அத்தியாயத்துப் பிழை

கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டே அவள் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தாள். வீட்டையும் படுக்கையில் கிடந்த அப்பாவையும் மருத்துவமனை வேலைக்குப் போய்வந்தபடி அக்காதான் பார்த்துக்கொண்டாள். தகுதித் தேர்வில் தங்கை முதல்முறை கோட்டைவிட்டு வந்தபோதும், "விடுடி, கணக்கு எங்க ஓடிடப் போகுது?" என்று சிரித்தவள் அக்காதான்.

மறுமுறை தங்கை தேறினாள். பாடத் தாள்களை முடித்தாள், கட்டுரைகள் இதழ்களில் வந்தன. அப்பா போய்ச் சேர்ந்த வருத்தத்தோடு ஆய்வேட்டையும் எழுதிக் கொடுத்தாள். தேர்வாளர்கள் எல்லோரும் நன்று என்று எழுதிவிட்டார்கள். வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தத் தேர்வுக்குத் தயார்செய்தபோதுதான் நான்காம் அத்தியாயத்தில் ஒரு வரி இடறியது. தன் தேற்றம் எல்லாக் கணிதச் சார்புகளுக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தாள். பொருந்தாத ஒன்று கைக்கு அகப்பட்டது. அதற்குப் பின்னால் வரும் அத்தனையும் அந்த வரியின் மேல்தான் நின்றது. எப்படியெப்படியோ ஒட்டுப்போட்டுப் பார்த்தாள். நிற்கவில்லை.

நெறியாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் தாளை வாங்கி அந்த வரியைத் தானும் போட்டுப் பார்த்தார்.

"தேர்வாளர் யாருமே கவனிக்கலம்மா. பட்டத்தை வாங்கிக்கோ, அப்புறம் சரிபண்ணிக்கலாம்."

"அப்புறமும் சரியாகலன்னா, சார்?"

அவள் ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

அன்று வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அக்கா கத்தவில்லை. கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே தொட்டியில் வைத்தாள்.

"உனக்காக நான் எதையெல்லாம் தள்ளிப்போட்டேன்னு தெரியுமாடி?"

தெரியும். அக்காவைப் பெண் கேட்டு வந்தவர் கடைசியில் வேறிடம் பார்த்துக்கொண்டதும் தெரியும். தொட்டியிலிருந்த தட்டைத் தங்கை எடுத்துக் கழுவினாள்.

பல்கலைக்கழகம் கொடுத்த கூடுதல் அவகாசமும் கரைந்தது. பிழை அசையவில்லை, பதிவு தானாக ரத்தானது. சில ஆண்டுகளில் அவளிடம் படித்த பெண் ஒருத்தி முனைவராகி, அவள் வேலைசெய்யும் கல்லூரிக்கே துறைத்தலைவியாக வந்து சேர்ந்தாள். "உட்காருங்க மேடம்" என்று அந்தப் பெண் எழுந்து நின்றது இன்னும் அதிகமாக வலித்தது.

அக்காவும் தங்கையும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். உப்பு, தண்ணீர், மின்கட்டணம் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. தங்கை இப்போதும் வகுப்புக்கு முன்னால், ஆளில்லாத அறையில், கரும்பலகையில் அந்த வரியை எழுதிப் பார்க்கிறாள். ஒருநாள் கதவருகே வந்த துறைத்தலைவி, இனி எதற்கு மேடம் என்று மெதுவாகக் கேட்டாள்.

"தப்பா எழுதினது நான்தானே" என்றாள் அவள், பலகையைத் துடைத்துக்கொண்டே. மாணவிகள் வரத் தொடங்கியிருந்தார்கள்.