ஒப்பராவில் ஒரு பிற்பாட்டு

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. என் மனைவி முப்பது வருடமாக என்னை ஊமை என்றுதான் சொல்லுகிறாள். அப்படிப்பட்ட என்னை ஒருவர் வாயை மூடச் சொன்னார் என்றால் எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள். ஆனால் சொன்னார். ரொறன்ரோவில், ஒப்பரா மேடையில்.

நான் பிறம்ரனில் ட்ரக் ஓடுகிறேன். வீடு மல்வேர்னில். போன குளிர்காலம் ஒரு காலை, லோட் பிரித்துக் கொடுக்கிறவர் கூப்பிட்டார்.

"அண்ணை, டவுன்ரவுணுக்கு ஒரு கோட்டை போகுது."

"என்ன கோட்டை?"

"பலகைக் கோட்டை. ஒப்பராக்காரர் அதுக்கு முன்னால நிண்டு பாடப்போயினமாம். பாத்து ஓடுங்கோ, கதவு கழண்டிடும்."

கொண்டுபோய் இறக்கினேன். கையெழுத்துப் போட வேண்டியவரைக் காணவில்லை. மேடை ஓரத்தில் கடதாசியோடு நின்றேன். அதற்குள் ஒத்திகை தொடங்கிவிட்டது. ஈட்டி பிடித்த காவலர் ஆறு பேர் வரிசையாக நிற்கவேண்டும். ஒருவர் சொறிந்தார். ஒருவர் காலை மாற்றினார். நெறியாள்கை செய்த பெண் பொறுத்துப் பார்த்தாள். பிறகு என்னைக் காட்டி, அந்த மனிதர் நிற்பதுபோல நில்லுங்கள் என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அரை மணித்தியாலம் ஒரே இடத்தில் நின்றிருந்தேன். எனக்கு அது தெரியவில்லை.

அடுத்த கிழமை காவலர் ஒருவர் பனியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார். அந்த இடத்துக்கு வருவீர்களா என்று நெறியாள்கை செய்த பெண் எனக்குப் போன் எடுத்தாள். "ஓம்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவளுக்கு விளங்கியது.

மனைவி விசாரித்தாள்.

"என்ன வேலை?"

"ஈட்டியோட நிக்கிறது."

"பாடவேணுமோ?"

"இல்லை."

"பேசவேணுமோ?"

"இல்லை."

"அப்ப சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கினம்."

நான் ஏன் ஓம் சொன்னேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. எங்கள் தீவில் கோயில் பெருநாளுக்குக் கூத்துப் போடுவார்கள். கத்தோலிக்கக் கூத்து. தொடக்கத்திலிருந்து முடிவுவரை பாட்டுத்தான். என் குரல் சரியில்லை. கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரும் அதைச் சொல்லி எனக்கு ஒருமுறைகூட வேசம் தரவில்லை. பிற்பாட்டுக்கு விட்டார். அரசன் ஒரு வரி பாடினால் ஓரத்தில் நிற்கிறவர்கள் அதைத் திருப்பிப் பாடவேண்டும். அதுதான் பிற்பாட்டு. எனக்கு உடுப்புப் போட்டு, ஆயுதம் பிடித்து, சனத்துக்கு முன்னால் நிற்க ஆசை. அறுபத்திரண்டு வயதில் அது கிடைத்தது. விட மனமில்லை.

இத்தாலியன் பாட்டு. ஒரு சொல்லும் விளங்கவில்லை. கதை விளங்கியது. அரசனை அவனுடைய தம்பியே குத்திவிடுகிறான். அரசன் உடனே சாகவில்லை. பதினொரு நிமிடம் பாடுகிறான். சுற்றிவர ஊர்ச்சனம் நிற்கிறது. தலைமாட்டில் நான். எங்கள் கூத்திலும் குத்துப்பட்டவன் பாடி முடிக்காமல் சாகமாட்டான். கீழே வாத்தியக்காரருக்கு முன்னால் நின்று தடியை ஆட்டுகிறவரையும் எனக்குத் தெரியும். கையில் தாளம் இல்லாத அண்ணாவியார்.

இரண்டு கிழமை நன்றாகப் போனது. மூன்றாம் கிழமை பியானோ மட்டும் வைத்து ஒத்திகை. அரசன் மெதுவாக ஒரு வரி பாடினான். நிறுத்தினான். தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தான். திரும்பவும் பாடினான். திரும்பவும் பார்த்தான்.

கோரஸ்காரரைப் பழக்குகிறவர் மேடைக்கு ஏறிவந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பல் வைத்தியர் மாதிரி என் வாயைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் பிற்பாட்டுப் பாடியிருக்கிறேன்.

அவர் கோபப்படவில்லை. கோரஸ் பாடுவதற்கு, காவலர் நிற்பதற்கு என்றார். இன்னொருதரம் உதடு அசைந்தால் ஈட்டியை வேறு ஆளிடம் கொடுப்பேன் என்றார். கடைசிக் காட்சிவரை வாய் மூடி நின்றால் அடுத்த வருடமும் கூப்பிடுவேன் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

எனக்குப் பக்கத்துக் காவலர் ஒரு இத்தாலியக் கிழவர். இந்த நகரத்தில் நாற்பது வருடம் வீடுகளுக்குத் தரைக்கல் பதித்தவர். ஓய்வெடுத்த பிறகு ஈட்டி பிடிக்கிறார். தேத்தண்ணி நேரத்தில் கதை சொல்லுவார். அவருடைய இங்கிலீசும் என்னுடையதும் ஒரே அளவு. அதனால் நல்லாய் விளங்கும். ஒரு இசையமைப்பாளர் நாற்பது வயதுக்கு முன்னமே ஒப்பராக்களை எழுதிக் குவித்துவிட்டு, பேனாவை வைத்துவிட்டு, நன்றாகச் சமைத்துச் சாப்பிடப் போய்விட்டாராம். இன்னொருவர் செத்தபோது தெருவெல்லாம் சனம் அவருடைய பாட்டைப் பாடியதாம். பாரிசில் கைதட்டுவதற்கென்றே ஆள் பிடித்து உட்கார வைத்தார்களாம். தங்கள் நாட்டில் பாட்டுப் பிடித்தால் சனம் விடாதாம். செத்தவன் எழும்பி, அதையே திருப்பிப் பாடிவிட்டு, இன்னொருதரம் சாகவேண்டுமாம்.

எங்களிடமும் அது உண்டு என்றேன். வன்ஸ்மோர் என்று கத்துவோம் என்றேன். அவர் என் தோளில் தட்டினார்.

வாய்க்கு மருந்து மனைவி கண்டுபிடித்தாள். கற்கண்டு. வாயில் ஒன்று கிடந்தால் பாட வராது என்றாள். ஆனால் பதினொரு நிமிடம் கரையாமல் நிற்கவேண்டும். நான் குசினியில், ஈட்டிக்குப் பதிலாக வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு நின்றேன். அவள் அடுப்பில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"அசையாதேங்கோ."

"அசையேல்லை."

"இப்ப கதைச்சுப்போட்டியள். திருப்பித் தொடங்குவம்."

சின்னக் கட்டி ஏழு நிமிடம். பெரிய கட்டிதான் சரி. பெரியதாகப் பார்த்து எடுத்து ஒரு டப்பாவில் போட்டுத் தந்தாள். நாலு காட்சி கற்கண்டோடு போனது. ஒரு பிழையும் இல்லை.

கடைசிக் காட்சி ஞாயிறு பின்னேரம். மனைவி பூசை முடிய, கோயில் அன்ரிமார் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆக மேலே, கூரைக்குக் கிட்ட இருந்தார்கள்.

அரசன் விழுந்தான். பாடினான். அன்றைக்கு அவன் பாடியதுபோல ஒருநாளும் பாடவில்லை. என் கன்னத்தில் கற்கண்டு. அவன் செத்தான். தடிக்காரர் கையைத் தூக்கியபடி நின்றார். மண்டபத்தில் மூச்சுச் சத்தம் இல்லை.

மேலேயிருந்து ஒரு குரல்.

"வன்ஸ்மோர்!"

கோயில் பாடகர் குழுவில் ஆகப் பெரிய குரல் என் மனைவியுடையது. ஐயப்படத் தேவையில்லை. கற்கண்டு என் தொண்டைக்குள் போய்விட்டது. ஈட்டி அசையவில்லை. காலடியில் செத்துக் கிடந்த அரசனின் வயிறு குலுங்கியது. சனம் சிரித்தது. பிறகு கைதட்டியது. நிறுத்தவே இல்லை. தடிக்காரர் திரும்பி, கூரையைப் பார்த்துத் தலையைக் குனிந்தார். திருப்பிப் பாடவில்லை. கையை இறக்கி, மிச்சத்தைத் தொடங்கினார்.

மிச்சம் என்றால் கோரஸ். அரசன் பாடிய வரியை ஊர்ச்சனம் திருப்பிப் பாடும். சுத்தமான பிற்பாட்டு. என் வாயில் ஒன்றும் இல்லை. பாட்டு நெஞ்சிலிருந்து தொண்டைக்கு ஏறியது. பல்லைக் கடித்தேன். அரசனின் வயிற்றைப் பார்த்தேன். அது இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் ஏறியது. இரண்டையும் ஒன்றாக அடக்கினேன். திரை மூடும்வரை.

திரைக்குப் பின்னால் கோரஸ்காரரைப் பழக்குகிறவர் வந்தார். கத்தியது யார் என்று கேட்டார். இத்தாலியக் கிழவர் விளக்குகளை எண்ணுவதுபோல மேலே பார்த்தார்.

"என் மனைவி" என்றேன். அடுத்த வருடம் போய்விட்டது என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கடைசிப் பாட்டு முழுவதும் நான் உம்முடைய வாயை மட்டும்தான் பார்த்தேன், அது அசையவில்லை என்றார். பிறகு கையைத் தட்டி எல்லாரையும் நிற்கச் சொன்னார். ஒரு அம்மா கேட்டிருக்கிறா, பாடிவிட்டுப் போவோம் என்றார். கிரீடத்தைக் கழற்றிய அரசன் அதைத் திரும்ப வைத்துக்கொண்டு படுத்தான். வாத்தியம் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் சனம் கோட்டுப் போட்டுக்கொண்டு எழும்புகிற சத்தம் கேட்டது.

அரசன் வரியைப் பாடினான். பழக்குகிறவர் விரலை என் பக்கம் நீட்டினார். இப்போது திற என்றார்.

திறந்தேன். அண்ணாவியார் சொன்னது சரிதான், என் குரல் சரியில்லை. கிழவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு தானும் பாடினார். காவலர் எல்லாரும் பாடினோம். அரசன் இரண்டாந்தரம் இன்னும் நல்லாய்ச் செத்தான்.

சப்வேயில் மனைவி கேட்டாள்.

"நான் அவ்வளவு கேட்டும் ஏன் திருப்பிப் பாடேல்லை?"

"பாடினவை."

"எப்ப?"

"நீங்கள் கோட்டுப் போடேக்குள்ள. திரைக்குப் பின்னால."

"ஆர் பாடினது?"

"எல்லாரும். நானும்."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு ஸ்ரேசன் பேசாமல் வந்தாள். எனக்குத் தெரிய அதுதான் முதல்தரம். பிறகு அன்ரிமாரின் பக்கம் திரும்பினாள்.

"நான் அப்பவே யோசிச்சனான், ஏன் சனம் உந்தக் கெதியில வெளியால ஓடுது எண்டு."

அன்ரிமார் கெனடி ஸ்ரேசன்வரை சிரித்தார்கள். நானும்.