வலிக்கும் சிஸ்டர்

டான்சில் ஆபரேஷனுக்கு வரும் பிள்ளைகளையும் பெற்றவர்களையும் முன்கூட்டியே உட்காரவைத்துப் பாடம் எடுப்பதுதான் அந்த நர்ஸின் வேலை. "வலிக்குமா சிஸ்டர்?" என்று எந்தக் குழந்தை கேட்டாலும், "வலிக்கும் கண்ணு. மருந்து குடிச்சா குறையும். தண்ணி குடிக்கக் குடிக்க சீக்கிரம் ஆறும்" என்பார். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு 'வலிக்கும் சிஸ்டர்' என்றே பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவரும் இல்லை.

பெற்றவர்களிடம் இன்னும் கறார். "தொண்டையில வெள்ளையா படியும். சீழ்னு நினைச்சுப் பதறாதீங்க. வாய் நாறும், காதும் வலிக்கும். ஆனா ரத்தம் வந்தா மட்டும் ஒரு நிமிஷம் வீட்ல நிக்கக் கூடாது. நேரா இங்க வந்துடணும். எங்கே, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்." ஒரு வக்கீல் அப்பா திருப்பிச் சொல்லத் தெரியாமல் திருதிருவென்று விழித்தார். போகிற போக்கில் மேலிடத்தில் வத்தி வைத்துவிட்டுப் போனார்.

புதிதாகச் சேர்ந்திருந்த விளம்பர அதிகாரி சிஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க பேச்சுல பாசிட்டிவ்வே இல்லையே சிஸ்டர்?"

"தொண்டைக்குள்ள கத்தி வைக்கிறோம் சார். பாசிட்டிவ்வுக்கு நான் எங்க போவேன்?"

பாடம் கைமாறியது. அதிகாரி அறையெங்கும் பலூன் கட்டி, "வலியே இருக்காது செல்லங்களா, ஐஸ்கிரீம் மட்டும்தான்!" என்றார். பெற்றவர்கள் கைதட்டினார்கள். துள்ளிக் குதித்து உள்ளே போன பிள்ளைகள், கண் விழித்ததும் ஊரைக் கூட்டினார்கள். நலம் விசாரிக்க வந்த அதிகாரியின் விரலை ஒரு பொடிசு கடித்தே விட்டது. கடிக்கையில் அதற்கும் தொண்டை வலித்திருக்கும், ஆனாலும் லேசில் விடவில்லை.

வீட்டுக்குப் போன பிறகுதான் உண்மையான கூத்து. தொண்டையில் வெள்ளையைக் கண்ட அப்பாக்கள் டார்ச்சும் கையுமாக ஓடி வந்தார்கள். போன் ஓயவில்லை. அத்தனை போனையும் யார் தலையில் கட்டினார்கள்? வலிக்கும் சிஸ்டர் தலையில்தான். முன்னால் சொல்லக் கூடாது என்று வாயை அடைத்ததையெல்லாம் பின்னால் சொல்லச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

கடைசியில் சர்ஜனே பொறுமை இழந்தார். "அந்தம்மாவையே திரும்பப் போடுங்கய்யா! சீழ் இல்ல, சீழ் இல்லன்னு சொல்லிச் சொல்லியே என் தொண்டை போச்சு!"

பாடம் திரும்பி வந்தது. அந்த வாரமே வாசலில் பெரிய பலகை: 'உள்ளதை உள்ளபடி சொல்கிறோம் – எங்கள் புதிய முயற்சி.' பக்கத்தில் அதிகாரி பல் தெரியச் சிரிக்கும் படம்.

சிஸ்டர் நின்று பார்த்தார். எதிரே வந்த அதிகாரியிடம், "படம் நல்லா விழுந்திருக்கு சார்" என்றார். அவர் நன்றி சொல்வதற்குள் வகுப்புக்குப் போய்விட்டார்.