பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி

அச்சாகாத ஒரு பக்கத்தின் எழுத்துகளை நான் பிரித்துப் போட்டுவிட்டேன். எழுபதுகளின் தொடக்கம் அது. பெரிய காஞ்சிபுரத்து அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராகச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

எங்களிடம் ஈய எழுத்து குறைவு. எட்டுப் பக்கம் கோப்போம், அச்சடிப்போம், பிரித்து எழுத்துப் பெட்டியின் அறைகளில் போட்டு அதே எழுத்தில் அடுத்த எட்டைக் கோப்போம். கல்யாணப் பத்திரிகையில் நின்ற 'ம' மறுநாள் தத்துவப் புத்தகத்தில் நிற்கும். புத்தகம் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருடையது. ஜெர்மானியத் தத்துவம். பக்கத்துக்குப் பக்கம் 'மனம்'தான்.

"அப்படி இன்னா சார் மனம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இருக்கறது ஒரே மனசுதாம்மா. தன்னைத் தெரிஞ்சுக்கணும்னு அதுவே கல்லாவுது, செடியாவுது, நீயும் நானும் ஆவுது. அப்புறம் நம்ம வழியா யோசிச்சு, இதெல்லாம் நான்தான்னு கண்டுக்குது. அதுக்குப் பேரு முழுமுதல் மனம்."

அன்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்தது. தெருவில் தறிச் சத்தம் கேட்டபடி இருக்கும். கை தானாக அறைக்குப் போய் எழுத்தை எடுத்து வரும். யோசிப்பது நானா பேராசிரியரா என்று தெரியாது. சுகமாக இருக்கும்.

அந்தச் சுகத்தில்தான், அச்சான பதினாறாம் பக்கத்தோடு சேர்த்து, மிஞ்சிய எழுத்தில் கோத்து வைத்திருந்த, ப்ரூஃப்கூட எடுக்காத பதினேழையும் பிரித்தேன். அதன் கையெழுத்துத் தாளில், கழிவுத்தாள் என்று நினைத்து, மையும் துடைத்திருந்தேன். ஒரு சொல்லும் தெரியவில்லை. அவரிடம் வேறு பிரதி கிடையாது. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

யாரிடமும் சொல்லவில்லை. தாள் இல்லாமலே மறுபடி கோக்கத் தொடங்கி, கையை அதன் போக்கில் விட்டேன். சாயங்காலத்துக்குள் பக்கம் நிறைந்துவிட்டது.

மறுநாள் ப்ரூஃப் படித்த பேராசிரியரின் பென்சில் ஒரு வரியில் நின்றது: 'தன்னைப் பிரித்துப் போடாமல் மனம் தன்னை அறிய முடியாது.'

"இது நான் எழுதலையேம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் மேஜையிலிருந்து முதலாளி, "இன்னா சார், தப்பு எதுனா இருக்குதா?" என்றார்.

பேராசிரியர் அந்த வரியை மறுபடி படித்தார். "ஒண்ணும் இல்லப்பா," என்றார். பிறகு என்னிடம், "மத்த வரியெல்லாம் நான்தான் எழுதுனேன்னு மட்டும் எப்டிம்மா சொல்றது? இருக்கட்டும் வுடு," என்றார்.

புத்தகம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அந்த வரி யாருடையது என்று இன்றைக்கும் தெரியாது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எல்லா ப்ரூஃபையும் அந்தப் பேராசிரியரே பார்க்க மாட்டார்.