பச்சைப் படகு வரைக்கும்

என் மாமா துபாய்க்குப் போன கதையை எங்கள் சொந்தத்தில் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். வியாசர்பாடி குடியிருப்பில் மூன்று மாடிக்காரர்களும் கீழே இறங்கி வந்து மாலை போட்டார்கள். ஒரு வேன் நிறைய ஆட்கள் சென்ட்ரல் ஸ்டேஷன் வரை போய் பம்பாய் ரயிலில் ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து விமானம் என்று ஏஜெண்டு சொல்லியிருந்தான். வழியனுப்பலுக்காகவே எம்.சி. ரோட்டில் வாங்கிய மஞ்சள் கட்டம் போட்ட சட்டையில், ரயில் வாசலில் நின்று மாமா கை காட்டுகிற போட்டோ ஒன்று உண்டு. அதை மாமா பெண் சட்டம் போட்டு டிவி மேல் வைத்திருந்தாள்.

மாமா என் அம்மாவின் தம்பி. சுவருக்கு பெயிண்ட் அடிப்பவர். துபாயில் மாடிக் கட்டடங்களுக்கு அடிக்கப் போனார். அவர் போனதிலிருந்து மாமா பெண்ணுக்குக் கால் தரையில் படவில்லை. பென்சில் சீவினாலும் துபாய், பஸ் வரவில்லை என்றாலும் துபாய். 'எங்க நைனா வரும்போது வாட்ச்சு எடுத்தார்றாரு' என்று அவள் சொல்லாத ஆளே கிடையாது. அவளுக்குப் பதினொரு வயது, எனக்குப் பத்து. எனக்குப் பொறாமை. அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

அந்த வருடம் மே மாத லீவுக்கு அவள் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் தெருமுனைக் கடைக்கு மாமாவின் போன் வரும். அங்கெல்லாம் வெள்ளிதான் லீவு நாள் என்று அம்மா விளக்கினாள். மாமா பெண் எங்கள் வீட்டில் இருப்பது துபாய் வரைக்கும் எப்படித் தெரிந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. துபாய் என்றால் எல்லாம் தெரியும் என்று நினைத்தேன்.

அப்பா காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், படகுகளுக்கான பெயிண்டும் கயிறும் விற்கிற கடையில் வேலை பார்த்தார். அப்போது மீன்பிடித் தடைக்காலம். ஒரு படகும் கடலுக்குப் போகக்கூடாது என்பதால், எல்லாப் படகுகளையும் கொண்டுவந்து கட்டிப்போட்டு, ஓட்டை அடைத்து, புது பெயிண்ட் அடிப்பார்கள். அதனால் அப்பாவுக்கு மதியம் வீட்டுக்கு வர நேரமில்லை. நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு கேரியரைக் கொண்டுபோய்க் கொடுப்போம். நாலு அடுக்கு கேரியர். அப்பாவோ ஈர்க்குச்சி. "நைனாவுக்கு இம்மாஞ் சோறு எங்க போவுது?" என்று நான் கேட்டால், வேலை ஜாஸ்தி, பசியும் ஜாஸ்தி என்று அம்மா வாயை அடைத்துவிடுவாள். அப்பாவும் கேரியரை வாங்கிய கையோடு எங்களை விரட்டுவார். "நேரா வூட்டுக்குப் போங்க. ஹார்பர் பக்கம் பாத்தேன், தோலை உரிச்சிடுவேன்."

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் அந்தப் பக்கம் போயே இருக்கமாட்டோம்.

படகுகளைக் கரையிலிருந்து தள்ளி வரிசை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். அதுவரை போய்வர ஆட்களுக்குத் தெர்மாகோல் தெப்பம்தான். தெர்மாகோல் பலகைகளைச் சாக்கில் திணித்து, மூங்கில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். தடைக்காலத்தில் அவை சும்மா கிடக்கும். கரையில் ஒரு அம்மா வலை தைத்துக்கொண்டே அவற்றை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். மாமா பெண்ணிடம் பத்து ரூபாய் இருந்தது.

அந்த அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரூட்டு புள்ளைங்க?"

"இவ பெயிண்டு கடைக்காரரு பொண்ணு. நான் இவ மாமா பொண்ணு. எங்க நைனா துபாய்ல கீறாரு."

"துபாய்லயா? அப்ப இன்னாத்துக்கு இந்தத் தெப்பம்? கப்பலு அனுப்பச் சொல்றதுதானே?" அந்த அம்மா சிரித்துவிட்டு, "நீச்சலு தெர்மா?" என்றாள்.

"ஓ" என்றோம் இருவரும். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியதைத் தவிர எங்களுக்கும் தண்ணீருக்கும் வேறு உறவு கிடையாது.

"நடுவுல சந்து சந்தா கீது, உள்ள பூந்துடாதீங்க. அதோ பார், பச்ச போட்டு. அது வரைக்கும் போயிட்டுத் திரும்பிக்கினு வந்துரு. அதத் தாண்டாத, இன்னா?"

ஆளுக்கொரு பலகைத் துண்டைத் துடுப்பு என்று கொடுத்தாள். மாமா பெண் முன்னால் உட்கார்ந்தாள், துபாய்க்காரியாயிற்றே. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மாறி மாறிப் போட்டால்தான் தெப்பம் நேராகப் போகும் என்பது தெரியாமல் நாங்கள் பத்து நிமிஷம் ஒரே இடத்தில் சுற்றினோம். கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். பிறகு அவள் "ஒண்ணு" என்றால் நான் இடது, "ரெண்டு" என்றால் அவள் வலது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். தெப்பம் போனது. தண்ணீர் கறுப்பாக இருந்தது, டீசல் வாசனை குப்பென்று அடித்தது. எனக்கு அன்றைக்கு அது சொர்க்கம். வீட்டிலோ பள்ளியிலோ யாரும் எங்களை எங்கேயும் தனியாக விட்டதில்லை. இங்கே எங்களைக் கேட்பாரில்லை.

பச்சைப் படகு வந்தது. திரும்பியிருக்க வேண்டும். "இன்னும் ஒரே ஒரு சந்து" என்றாள் அவள். எனக்கும் ஆசை.

படகுகளுக்கு நடுவே தண்ணீர்ச் சந்துகள் தெருக்களைப் போலவே பிரிந்து பிரிந்து போயின. ஒரு படகின் அடியில் கையை வைத்துப் பார்த்தோம். ஒரு படகின் மேலிருந்து நாய் குரைத்தது, அதற்குப் பதில் குரைத்தோம். ஒரு சந்தின் முனையில் தூரத்துப் பெரிய துறைமுகத்தின் கிரேன்கள் தெரிந்தன. போதும் என்று தோன்றியபோது திரும்பினோம்.

பச்சைப் படகைக் காணவில்லை.

இந்தச் சந்தில் இல்லை, அடுத்த சந்தில் இல்லை. நீலப் படகு ஒன்று வந்தது. சுற்றிக்கொண்டு போனால் மறுபடியும் அதே நீலப் படகு. கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, நாலு பக்கமும் படகுச் சுவர். இவ்வளவு பெரிய படகு அரை மணி நேரத்தில் எங்கே போகும்? தடைக்காலத்தில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்களே! நான் அழ ஆரம்பித்தேன். அவள் அழவில்லை, ஆனால் "ஒண்ணு, ரெண்டு" சொல்வதை நிறுத்திவிட்டாள்.

மூன்றாவது தடவை அந்த நீலப் படகின் பின்பக்கம் வழியாக வந்தபோதுதான் பார்த்தேன். அதன் வாலில் பச்சை மிச்சம் இருந்தது. நாங்கள் தேடிய பச்சைப் படகேதான் அது. கரையைப் பார்த்த பக்கம் மட்டும்தான் இன்னும் பச்சை, உள்பக்கம் முழுக்க முன்பே நீலம் அடித்து முடித்திருந்தார்கள். பெயிண்ட் அடிக்கிற காலத்தில் படகின் நிறத்தை அடையாளம் வைத்த எங்கள் புத்தியை என்ன சொல்ல. தெப்பக்கார அம்மாவும் அதையேதான் சொல்லி அனுப்பினாள் என்பது ஒரு ஆறுதல்.

பெயிண்ட் அடிக்கிறவர் படகின் விளிம்பில், கால்களை வெளியே தொங்கப்போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரல்களெல்லாம் நீலம். அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். சட்டை முழுக்கத் தெறித்திருந்தது. தெறிக்காத இடங்களில் மஞ்சள் கட்டம் தெரிந்தது.

அவர் பக்கத்தில் எங்கள் வீட்டு கேரியரின் இரண்டு அடுக்குகள். அம்மாவின் கல்யாணத்துக்கு வாங்கியது, பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக அம்மா பெயர் வெட்டியிருக்கும். அந்த எழுத்துகள் வெயிலில் மின்னின.

துபாயில் இருக்கிற மாமா எப்படி இங்கே உட்கார்ந்து அம்மா செய்த காரக்குழம்பைச் சாப்பிட முடியும்? ஆள் மாறிப்போனதா, நான் மாறிப்போனேனா என்று தெரியவில்லை. "மா..." என்று கத்த வாயைத் திறந்தேன்.

மாமா பெண் அப்படியே பின்னால் திரும்பி, பலகை பிடித்த கையாலேயே என் வாயில் அறைந்தாள். உதடு கிழிந்தது. தெப்பம் சாய்ந்து என் ஒரு கால் தண்ணீருக்குள் போனது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவள் பாவாடையை இழுத்துத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு குனிந்துவிட்டாள். எனக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லை. அவள் என்னை அதுவரை அடித்ததே இல்லை.

சத்தம் கேட்டு மாமா நிமிர்ந்தார். எதிர் வெயில் கண்ணில் அடித்தது போலிருக்கிறது, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"யாரும்மா அது? இந்தச் சந்துக்குள்ள இன்னாத்துக்கு வந்தீங்க? வழி தெர்லியா?"

போனில் வாரா வாரம் கேட்கிற அதே குரல். பாவாடைக்குள்ளிருந்து தலை மட்டும் ஆடியது.

"அழாதீங்க, இன்னா? தோ, அந்த வெள்ள போட்டு கீது பார், அத ஒட்டியே போ. கரை வந்துரும். ஆட்டாத, மெதுவா போ கண்ணு."

எங்களைத் தெரிந்துகொண்டாரா, இல்லையா? அன்றைக்கு இல்லை என்றுதான் நினைத்தேன்.

வெள்ளைப் படகைத் தாண்டியதும் அவள் பாவாடையை இறக்கிவிட்டாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. "அது உங்க நைனா" என்றேன்.

"இல்ல."

"எங்க வூட்டு கேரியரு, நான் பாத்தேன். அதே சட்ட!"

"ஒருத்தர மாரியே ஏழு பேரு இருப்பாங்களாம். எங்க நைனா துபாய்ல கீறாரு. நீ வாய மூடிக்கினு தெப்பத்தப் போடு." பிறகு, "ஒண்ணு" என்றாள். நானும் இடது பக்கம் பலகையைப் போட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், என்னால் அடக்கமுடியாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தெப்பத்தில் போனதற்கு முதுகு வீங்கும் என்று சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். அம்மா அடிக்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடி விழாததுதான் எனக்கு அன்றைய இரண்டாவது அதிர்ச்சி.

"அவ பாத்தாளா?" என்று கேட்டாள்.

"பாத்தா. ஆனா அவங்க நைனா இல்லன்னு சொல்றாம்மா."

அம்மா மறுபடியும் அரிசியில் கையை விட்டாள். "அப்ப அது இல்ல. உட்டுடு" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பொய்யை நான் சொல்லவில்லையே, என்னை ஏன் வாய் மூடச் சொல்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. கடைக்கு அவளோடு நானும் ஓடினேன். இன்றைக்கு வசமாக மாட்டினார் என்று ரிசீவரோடு என் காதையும் ஒட்டிவைத்துக்கொண்டேன். வழக்கமாக அவள் வாட்ச், பேனா, சென்ட் என்று ஒரு பட்டியலே படிப்பாள்.

"வாட்ச்சு இன்னா கலருல வோணும் கண்ணு?" என்றது மாமாவின் குரல்.

"வாட்ச்சு வாணாம் நைனா."

"ஏம்மா?"

"வாணாம். நைனா, வெயில்ல சும்மா நிக்காத. தலையில துண்டு கட்டிக்கோ. பெயிண்ட்டு கையோட சோறு துன்னாத. மண்ணெண்ண போட்டுக் கழுவிட்டுத் துன்னு, இன்னா?"

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை. யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுவது கேட்டது. பிறகு மாமா, "சரிம்மா" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

ஏஜெண்டு பம்பாய் ஸ்டேஷனிலேயே பாஸ்போர்ட்டோடு காணாமல் போனதும், மாலை போட்ட ஜனங்களின் முகத்தில் விழிக்கக் கூசி மாமா நேராக அப்பாவிடம் வந்ததும், அப்பா தன் கடையிலிருந்து பெயிண்ட் வாங்குகிற படகுக்காரர்களிடம் சொல்லி வேலை வாங்கித் தந்ததும், ராத்திரி அந்தப் படகுகளிலேயே மாமா படுத்துக்கொண்டதும் நான் காலேஜ் போகிற காலத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. மாமி அப்போதே அறிந்திருந்தாளா என்பது இன்றுவரை தெரியாது. கேட்கிற தைரியமும் எனக்கு இல்லை.

தடைக்காலம் முடிந்த வாரத்தில் மாமா துபாயிலிருந்து வந்துசேர்ந்தார். ஆட்டோவில் வந்தார், பெரிய பெட்டியோடு. மூன்று மாடியும் இறங்கி வந்தது. நாங்களும் போயிருந்தோம். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிய மாமா பெண் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டவள் விடவே இல்லை. அவர் காது மடலுக்குப் பின்னால் நீலமாக ஏதோ ஒட்டியிருந்ததை, தாவணி கூடக் கட்டாத அந்தச் சின்னப் பெண் தன் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்ததைப் பக்கத்தில் நின்ற நான் மட்டும்தான் பார்த்தேன். அப்பனைக் கண்டதும் கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன்.

பெட்டியில் வாட்ச் இருந்தது, இங்கேயே பர்மா பஜாரில் வாங்கிய வாட்ச். அவள் அதைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய்க் காட்டினாள். "துபாய் வாட்ச்சு. எங்க நைனா எடுத்தாந்தாரு." முன்னைவிடச் சத்தமாகச் சொன்னாள். இப்படி ஒரு பெருமைக்காரியா, கண்ணால் பார்த்துவிட்டு இப்படி வாய் கூசாமல் புளுகுகிறாளே என்று எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பொய் சொல்கிறவளோடு என்ன பேச்சு என்று அந்த வருடம் முழுக்க அவளோடு நான் பேசவில்லை.